சொந்த மன்னரே விற்ற கோட்டை... ஓடு ஓடாகக் கழற்றிய வியாபாரி: வியாண்டன் கிராமம் மீண்டது எப்படி?

ஒரு ஊரின் அடையாளமாக 700 ஆண்டுகளுக்கும் மேல் நின்ற கோட்டை. போரில் எதிரி அதை இடிக்கவில்லை. அந்த நாட்டின் மன்னரே உள்ளூர் ஆள் ஒருவருக்கு விற்றார். வாங்கியவர் கூரை ஓட்டைக் கழற்றி விற்றார், கதவை விற்றார், ஜன்னலை விற்றார். சில வருடங்களில் மலை உச்சியில் மிஞ்சியது எலும்புக்கூடு மட்டும்தான்.

இது நடந்தது ஐரோப்பாவின் மிகச் சிறிய நாடுகளில் ஒன்றான லக்சம்பர்க்கில். ஊரின் பெயர் வியாண்டன். இன்று அங்கே போனால் அந்தக் கோட்டை முழுசாக, கூரையோடு, கோபுரங்களோடு நிற்கிறது. அப்படியென்றால் நாம் பார்ப்பது பழைய கோட்டையா, புதுசா கட்டினதா? கேள்வி சிம்பிள். பதில் கொஞ்சம் சிக்கல்.

வியாண்டன் எங்கே இருக்கிறது?

லக்சம்பர்க்கின் வடகிழக்கு மூலையில், ஜெர்மனி எல்லையை ஒட்டி. 1308-லேயே இதற்கு நகர உரிமை கிடைத்துவிட்டது. அதனால் காகிதத்தில் இது நகரம். ஆனால் மக்கள்தொகை சுமார் 2,000 பேர்தான். நம்ம கணக்கில் நடுத்தர அளவு கிராமம். ஆற்றுப் பாலத்திலிருந்து கோட்டை வாசல் வரை ஏறிச் செல்லும் ஒரு சரிவுத் தெரு, இருபுறமும் வீடுகள், சுற்றி பழைய மதில், அதைச் சுற்றி மலை, மலை முழுக்கக் காடு.

ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றின் பெயரைக் கேட்டால் தமிழ் ஆட்களுக்கு ஒரு சின்ன ஆச்சரியம் காத்திருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் எழுத்தைப் பார்த்து 'அவர்' என்று படிப்பார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சொல்வது கிட்டத்தட்ட 'ஊர்' என்றுதான். நமது 'ஊர்' என்ற சொல்லுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, வெறும் ஒலி ஒற்றுமை.

இந்த ஊர் ஆறுதான் பெரும்பாலான தூரத்துக்கு லக்சம்பர்க்குக்கும் ஜெர்மனிக்கும் எல்லை. இந்தக் கரை ஒரு நாடு, அந்தக் கரை இன்னொரு நாடு. வியாண்டனில் மட்டும் இரண்டு கரையுமே லக்சம்பர்க். ஏன் இப்படி என்பதில்தான் இந்த ஊரின் வீழ்ச்சிக் கதை தொடங்குகிறது.

பிரபுக்கள் போனார்கள், கோட்டை மட்டும் நின்றது

கோட்டை நிற்கும் பாறையில் முதலில் ரோமானியர்களின் சிறிய காவல் அரண் இருந்தது. அதன் அஸ்திவாரத்தின் மேல் 11-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டப்பட்டதே இன்றைய கோட்டை. கட்டியவர்கள் வியாண்டன் பிரபுக்கள். அந்தக் காலத்தில் இவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பக்கத்தில் இருந்த லக்சம்பர்க் பிரபுக்களுக்கே போட்டியாக இருந்தவர்கள்.

கோட்டைக்குள் இருக்கும் வழிபாட்டுக் கூடத்தைப் பார்த்தாலே அந்தக் கால சமூகம் புரிந்துவிடும். அது இரண்டு அடுக்கு. மேல் தளத்தில் பிரபுவும் அவர் குடும்பமும். கீழ்த் தளத்தில் சாதாரண சனம். மேல் தளத்தின் தரையில் நடுவே ஒரு திறப்பு. பூசை மேலே நடக்கும், கீழே நிற்பவர்களுக்கு அந்தத் திறப்பு வழியாகச் சத்தம் மட்டும் வரும். ஒரே கட்டடம், ஒரே கடவுள், ஆனால் தளம் வேறு.

1417-ல் இந்தப் பரம்பரைச் சொத்து நாசாவ் வம்சத்துக்குப் போனது. பின்னாளில் நெதர்லாந்தை ஆண்ட ஆரஞ்ச்-நாசாவ் குடும்பம் இதே வம்சத்தில் வந்ததுதான். இவர்களுக்கு வேறு இடங்களில் பெரிய பெரிய அரண்மனைகள் இருந்தன. வியாண்டனில் வந்து குடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. சொத்துப் பட்டியலில் கோட்டை இருந்தது, வீட்டுக்காரர் மட்டும் இல்லை. நெதர்லாந்து மன்னரின் நீண்ட பட்டப் பெயர் வரிசையில் 'வியாண்டன் பிரபு' என்பது இன்றும் இருக்கிறது என்பது தனிக் கதை.

இடையில் 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப், தன்னை எதிர்த்த ஆரஞ்ச் இளவரசர் வில்லியமிடமிருந்து கோட்டையைப் பறிமுதல் செய்து, லக்சம்பர்க் ஆளுநர் பீட்டர் எர்ன்ஸ்ட் மான்ஸ்ஃபெல்டிடம் கொடுத்தார். மான்ஸ்ஃபெல்டுக்குப் பிறகு மீண்டும் நாசாவ் குடும்பம். பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் வந்தபோது மீண்டும் பறிமுதல். இப்படிக் கை மாறிக் கை மாறி 1815 வந்தது.

1815-ல் என்ன நடந்தது?

நெப்போலியனைத் தோற்கடித்த வல்லரசுகள் வியன்னாவில் உட்கார்ந்து ஐரோப்பாவின் வரைபடத்தைத் திருத்தி வரைந்தன. லக்சம்பர்க் நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியமின் கைக்கு வந்தது. ஆனால் ஊர், சாவர், மோசல் ஆறுகளுக்குக் கிழக்கே இருந்த நிலம் பிரஷ்யாவுக்கு, அதாவது இன்றைய ஜெர்மனிப் பக்கத்துக்குப் போனது.

வியாண்டன் ஆற்றின் இரு கரையிலும் பரவியிருந்த ஊர். அதை நடுவே வெட்ட முடியாது என்பதால் கிழக்குக் கரையில் ஒரு சிறு துண்டு மட்டும் லக்சம்பர்க்குக்கு விடப்பட்டது. ஆனால் அதற்கு அப்பால் இருந்த கிராமங்கள்? அங்கிருந்து சந்தைக்கு வந்தவர்கள், தோல் வாங்க வந்தவர்கள், பத்திரம் எழுத வந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வெளிநாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். நடுவில் இருந்த ஊர் எல்லையோர ஊராக மாறியது. ஒரு சின்ன ஊரைச் சாகடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆற்று நீரை மட்டும் பிரிக்கவில்லை என்பது இதில் சுவாரசியம். 1816 ஒப்பந்தப்படி எல்லையாக ஓடும் இந்த ஆறுகள் இரு நாட்டுக்கும் பொது. நடுவில் கோடு கிடையாது. இன்றுவரை அப்படித்தான்.

விற்ற மன்னர், பிரித்த வியாபாரி

வரி கொடுத்துவந்த நிலம் போய்விட்டது. குடியிருக்க ஆள் இல்லை. பராமரிக்கச் செலவு. 1820-ல் முதலாம் வில்லியம் ஒரு முடிவெடுத்தார். கோட்டையை விற்றுவிட்டார். வாங்கியவர் வென்செல் கோஸ்டர், உள்ளூர் வியாபாரி, ஊர் மன்றத்திலும் பொறுப்பில் இருந்தவர். விலை 3,200 கில்டர்.

கோஸ்டருக்குக் கோட்டையில் வாழும் எண்ணம் இல்லை. அவர் பார்த்தது கட்டுமானப் பொருள் கிடங்கை. ஓடு, மரம், ஈயம், கதவு, ஜன்னல் என்று கழற்றிக் கழற்றி விற்றார். இதில் அவரை மட்டும் வில்லனாக்கிவிட முடியாது. அந்தக் காலத்தில் பழைய கோட்டை என்பது 'பாரம்பரியச் சின்னம்' அல்ல, பயன் முடிந்த கட்டடம். பிரான்சிலும் ஜெர்மனியிலும் எத்தனையோ மடங்களும் கோட்டைகளும் இதே மாதிரி கல் குவாரியாக மாறியிருக்கின்றன. விற்றவர் மன்னர் என்பதுதான் இங்கே உறுத்துகிற விஷயம்.

ஒரு கல் கட்டடத்தின் உயிர் சுவரில் இல்லை, கூரையில் இருக்கிறது. கூரை போனால் மழை சுவருக்குள் இறங்கும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும். சாந்து உதிரும், கல் நகரும். பத்து குளிர்காலம் போதும். வியாண்டனில் நடந்ததும் அதேதான். எதிர்ப்பு கிளம்பிய பிறகு இடிபாடு மீண்டும் அரச குடும்பத்தின் கைக்கே வந்தது. ஆனால் அதற்குள் சேதம் முடிந்துவிட்டது. 1851-ல் இளவரசர் ஹென்றி வழிபாட்டுக் கூடத்துக்கு மட்டும் கூரை போட்டுக் காப்பாற்றினார். மற்றதெல்லாம் புதர் மண்டிக் கிடந்தது.

இடிபாட்டைத் தேடி வந்த எழுத்தாளர்

ஆனால் இடிந்த கோட்டைக்கும் ஒரு மார்க்கெட் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் முழுக் கோட்டையைவிட இடிந்த கோட்டைதான் பிடித்தது. 'லே மிசராப்ள்' நாவலை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1862 முதல் பல தடவை வியாண்டனுக்கு வந்தார். அவர் நன்றாக வரையக்கூடியவர் என்பது பலருக்குத் தெரியாது. இந்த இடிபாட்டை மை ஓவியமாக வரைந்திருக்கிறார்.

அவர் அதிக நாள் தங்கியது 1871-ல். அது உல்லாசப் பயணம் அல்ல. பாரிஸ் கம்யூன் எழுச்சி ரத்த வெள்ளத்தில் ஒடுக்கப்பட்ட நேரம். அப்போது பிரஸ்ஸல்ஸில் இருந்த ஹியூகோ, தப்பி வருகிற கம்யூன்காரர்களுக்கு என் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று பகிரங்கமாக அறிவித்தார். ஒரு கும்பல் அவர் வீட்டின் மீது கல்லெறிந்தது. கல்லெறிந்தவர்களை விட்டுவிட்டு பெல்ஜியம் அரசு ஹியூகோவை நாட்டை விட்டு வெளியேற்றியது. அப்போது அவருக்கு வயது 69.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவர் வியாண்டனில் பாலத்தை ஒட்டிய ஒரு வீட்டில் இருந்தார். அந்த ஜூலையில் ஊரில் தீப்பிடித்தபோது, ஆற்றிலிருந்து கை மாற்றிக் கை மாற்றி வாளித் தண்ணீர் கொண்டுபோன மக்களோடு அவரும் நின்றார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். எதிரே பாலத்தில் சிற்பி ரோடின் செய்த ஹியூகோவின் மார்பளவுச் சிலை இருக்கிறது. வியாண்டன் வெளியுலகில் பிரபலமானதற்கு ஹியூகோ ஒரு முக்கியக் காரணம். மன்னர் விற்றது எழுத்தாளருக்குப் பிடித்துப்போனது, அவ்வளவுதான்.

காடு சும்மா அழகுக்கு இல்லை

வியாண்டன் போட்டோக்களில் கோட்டையைச் சுற்றித் தெரியும் அந்தப் பச்சைக் காட்டைப் பார்த்தால், மனிதக் கை படாத வனம் என்று தோன்றும். உண்மையில் அந்தச் சரிவுகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஊரின் தொழிற்சாலை மாதிரி இயங்கியது.

வியாண்டனில் தோல் பதனிடுபவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தனிச் சங்கமே வைத்திருந்தார்கள். தோலைப் பதப்படுத்த டானின் என்ற துவர்ப்புப் பொருள் வேண்டும். அது ஓக் மரப் பட்டையில் நிறைய இருக்கிறது. அதனால் மலைச் சரிவில் ஓக் மரங்களை வளர்த்து, 15 முதல் 20 வருடத்துக்கு ஒரு முறை வெட்டுவார்கள். அதுவும் வசந்த காலத்தில்தான். அப்போதுதான் மரத்தில் சாறு ஏறி, பட்டை சுலபமாக உரிந்து வரும். பட்டை தோல் பட்டறைக்கு, கட்டை அடுப்புக்கு. வெட்டிய இடத்தில் ஒரு வருடம் கம்பு மாதிரியான ரை தானியம் விதைப்பார்கள். அடிமரத்திலிருந்து மீண்டும் தளிர் வரும். திரும்பவும் அதே சுழற்சி. மரத்தைப் பிடுங்காமலே பல தலைமுறை சாப்பிட்ட காடு அது.

வெளிநாட்டிலிருந்து அதிகத் துவர்ப்புள்ள மரச்சாறும், பிறகு ரசாயன முறையும் வந்ததும் இந்தத் தொழில் படுத்துவிட்டது. வெட்ட ஆள் இல்லாமல் ஓக் மரங்கள் தன்பாட்டுக்கு வளர்ந்தன. இன்று சுற்றுலாப் பயணிகள் 'அடர்ந்த காடு' என்று வியக்கும் இடங்களில் பல, ஒரு தொழில் செத்ததால் வளர்ந்தவை.

30 பேர் எதிர் 250 பேர்

இரண்டாம் உலகப் போரில் 1944 செப்டம்பரில் அமெரிக்கப் படைகள் லக்சம்பர்க்கை விடுவித்தன. ஆனால் வியாண்டனுக்கு நேர் எதிரே ஜெர்மனி. மலை உச்சியில் இருந்த இடிந்த கோட்டையிலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்க நடமாட்டம் எல்லாம் தெரியும். விக்டர் ஆபன்ஸ் தலைமையில் சுமார் 30 லக்சம்பர்க் போராளிகள் கோட்டையில் முகாமிட்டு, கண்டதையெல்லாம் அமெரிக்கர்களுக்குத் தகவல் கொடுத்தார்கள்.

ஜெர்மனி இதை எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும்? தாக்குதல் வரும் என்று தெரிந்ததும் ஊர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். போராளிகள் போகவில்லை. நவம்பர் 19 காலையில் சுமார் 250 எஸ்எஸ் படையினர் கோட்டையையும் ஊரையும் தாக்கினார்கள். கோட்டைக்குள்ளேயே சண்டை நடந்தது. கடைசியில் பின்வாங்கியது ஜெர்மன் தரப்பு. போராளிகளில் ஒருவர் உயிரிழந்தார். எதிர்த் தரப்பில் இழப்பு பல மடங்கு.

ஆனால் மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. டிசம்பரில் ஹிட்லரின் ஆர்டென் தாக்குதல் தொடங்கியதும் போராளிகள் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஊர் சேதமானது. ஹியூகோ தங்கிய வீடும் தப்பவில்லை, போருக்குப் பிறகே திரும்பக் கட்டப்பட்டது. 1945 பிப்ரவரி 12-ல்தான் வியாண்டன் மீண்டது. லக்சம்பர்க்கில் கடைசியாக விடுதலையான ஊர் இதுதான்.

கோட்டை திரும்பியது எப்படி?

போருக்குப் பிறகும் கோட்டை இடிபாடாகவே கிடந்தது. காரணம் கல்லோ சிமெண்டோ இல்லை, பட்டா. 1890-ல் நெதர்லாந்து, லக்சம்பர்க் இரண்டுக்கும் அரச வம்சம் தனித்தனியாகப் பிரிந்தபோது, கோட்டை லக்சம்பர்க்கின் புதிய பெருங்கோமகன் அடால்ஃபின் குடும்பத்துக்கு வந்தது. அதாவது, தனிச் சொத்து. அவ்வப்போது சில பகுதிகளில் வேலை நடந்தாலும் முழுச் சீரமைப்பு என்பது ஒரு குடும்பம் தனியாகச் செய்கிற காரியம் இல்லை.

1977-ல் பெருங்கோமகன் ஜான் கோட்டையை நாட்டுக்கே எழுதிக்கொடுத்தார். 157 வருடத்துக்கு முன் ஒரு ஆட்சியாளர் விற்றதை, இன்னொரு ஆட்சியாளர் மக்களுக்குக் கொடுத்தார். அதன் பிறகுதான் அரசுப் பணம் வந்தது, வேலை வேகமெடுத்தது. இடிந்த சுவர்கள் பழைய உயரத்துக்கு ஏறின, கூர்முகப்புகள் எழுந்தன, கூரை வந்தது. 1990-ல் முக்கியப் பணிகள் முடிந்தன. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மூவிதழ் வடிவச் சாளரங்கள் வரிசையாக நிற்கும் 'பைசாந்தியக் கூடம்' இன்று அதிகம் போட்டோ எடுக்கப்படும் இடம்.

சரி, இது அசலா நகலா?

இங்கேதான் விவாதம். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது எப்படி என்று 1964-ல் நிபுணர்கள் கூடி 'வெனிஸ் சாசனம்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். அதன் சாரம்: ஆதாரம் இருக்கும் வரை சீரமைக்கலாம், ஊகம் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த அளவுகோலில் பார்த்தால் வியாண்டன் சற்றே துணிச்சலான உதாரணம்.

ஆதரவாகச் சொல்பவர்களின் வாதம்: சுவர்களின் பெரும்பகுதி நின்றுகொண்டுதான் இருந்தது. பழைய ஓவியங்கள் இருந்தன, அகழாய்வும் செய்தார்கள். கூரை போடாமல் விட்டிருந்தால் மிஞ்சிய அசலும் போயிருக்கும். எதிர்த்துப் பேசுபவர்கள் சொல்வது: ஹியூகோ பார்த்த இடிபாடும் வரலாறுதானே? 1820-ல் நடந்த விற்பனையே நடக்காதது போல ஒரு கோட்டையைக் காட்டுவது சரியா?

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கூரையில்லாத சுவரை ஆண்டுதோறும் பனிக்கும் மழைக்கும் விட்டுவிட்டு 'அசல்' என்று பெருமைப்பட்டால், கொஞ்ச காலத்தில் பெருமைப்பட அங்கே எதுவும் இருக்காது. வியாண்டன் ஆட்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தோல் தொழில் போய்விட்டது, எல்லைச் சந்தை போய்விட்டது. ஓட்டல், கடை, வழிகாட்டி வேலை என்று ஊரில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது மலை மேல் நிற்கும் அந்தக் கூரைதான்.

மலைக்குள் ஒரு ராட்சத பேட்டரி

பலர் கவனிக்காத இன்னொரு விஷயம். ஊருக்கு வடக்கே ஆற்றின் குறுக்கே ஓர் அணை. அதன் பின்னால் சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு நீர்த்தேக்கம். பக்கத்து மலை உச்சியில் செயற்கையாகக் கட்டிய மேல் நீர்த்தேக்கம். இரண்டுக்கும் நடுவே பாறையைக் குடைந்து இயந்திரக் கூடம். 1964-ல் தொடங்கிய இந்த நீரேற்று மின் நிலையம், இன்று 11 இயந்திரங்களுடன் சுமார் 1,300 மெகாவாட் திறன் கொண்டது. ஐரோப்பாவின் பெரிய நீரேற்று நிலையங்களில் ஒன்று.

வேலை செய்யும் விதம் எளிது. மின்சாரம் மிச்சமாக இருக்கும் நேரத்தில் கீழிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தேவை எகிறும் நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு டர்பைனைச் சுழற்றுவார்கள். ஏற்றச் செலவான மின்சாரத்தில் ஏறக்குறைய கால் பங்கு திரும்ப வராது. ஆனாலும் லாபம்தான், ஏனென்றால் தேவையான நொடியில் கிடைக்கும் மின்சாரத்துக்கு மதிப்பு அதிகம். காற்றாலையும் சோலாரும் பெருகப் பெருக இதன் மவுசு கூடிக்கொண்டே போகிறது. செங்குத்தான மலை, உறுதியான பாறை, கீழே ஆறு என்று கோட்டை கட்ட வசதியாக இருந்த அதே அமைப்புதான் இதற்கும் கை கொடுத்தது.

ஆற்றுக்கு இதனால் கஷ்டம் இல்லையா? இருக்கிறது. அணை மீன்களின் பாதையை மறிக்கிறது. நீர்மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்குவதால் கரையோரச் செடிகள் நிலைப்பதில்லை.

நூறு வருடம் வாழும் சிப்பி

ஊர் ஆற்றின் மேல்பகுதியில், லக்சம்பர்க்கின் கடைசி நன்னீர் முத்துச் சிப்பிகள் வாழ்கின்றன. ஒரு சிப்பி நூறு வருடம் வரை உயிரோடு இருக்கும். அதன் குஞ்சுகள் முதல் சில மாதங்கள் டிரவுட் மீனின் செவுள்களில் ஒட்டிக்கொண்டு வளரும். பிறகு ஆற்றடிச் சரளைக் கற்களுக்குள் சில வருடங்கள் புதைந்து கிடக்கும். வயல்களிலிருந்து வண்டல் வந்து சரளையை அடைத்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால்தான் கிழட்டுச் சிப்பிகள் இருக்கின்றன, இளசுகளைக் காணோம்.

கால்போர்ன் என்ற இடத்தில் ஆற்றங்கரைப் பழைய மாவு மில் ஒன்றில் இப்போது இந்தச் சிப்பிகளைச் செயற்கையாக வளர்க்கிறார்கள். ஓடைக் கரைகளில் நட்டுவைத்த ஸ்புரூஸ் மரங்களை அகற்றி, உள்ளூர் மரங்களுக்கு இடம் கொடுக்கும் வேலையும் நடந்திருக்கிறது. இந்தப் பகுதியில் இரு நாடுகளும் சேர்ந்து 1964-லேயே ஓர் இயற்கைப் பூங்காவை உருவாக்கின. மேற்கு ஐரோப்பாவில் எல்லை தாண்டி அமைந்த முதல் பூங்கா அது. அதே ஆற்றில், அதே வருடம்தான் மின் நிலையமும் இயங்கத் தொடங்கியது.

போக நினைப்பவர்களுக்கு

அக்டோபரில் போனால் வால்நட் சந்தை நடக்கும். தெரு முழுக்க வால்நட், வால்நட் கேக், வால்நட் மதுபானம். நாட்டிலேயே ஒரே இருக்கை ரோப்கார் இங்கேதான், ஆற்றைக் கடந்து கோட்டைக்கும் மேலே கொண்டுபோய் விடும். தலைநகரிலிருந்து ரயிலில் வந்து பஸ் மாறினால் வியாண்டன் வந்துவிடலாம். லக்சம்பர்க்கில் 2020 மார்ச் முதல் பஸ், ரயில், டிராம் எல்லாமே இலவசம், வெளிநாட்டுக்காரர்களுக்கும்தான். கோட்டைக்குள் போகத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.